லினக்ஸில் விண்டோஸ் மென்பொருளா, ஒரே லேப்டாப்பில் இரண்டு சிஸ்டமா? அல்சூரில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அந்தத் தேதியை ஒட்டிப் பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் யாராவது லேப்டாப் பையோடு வந்துகொண்டிருந்தார்கள். கணக்கு எழுதுகிறவர்கள், டிடிபி கடை வைத்திருப்பவர்கள், கல்லூரிப் பிள்ளைகள் எனப் பலவகை ஆட்கள். ஆனால் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்வியைப் போட்டு, எனக்குத் தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன்.

"என் லேப்டாப் நல்லாத்தான் ஓடுது. விண்டோஸ் 11 ஏறாதுன்னு சொல்லுது. தூக்கிப் போட்டுடணுமா சார்?"

வேண்டாம். விண்டோஸ் 11 கேட்பது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், மைக்ரோசாஃப்ட் பட்டியலில் உள்ள பிராசஸரும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும்தான். எஸ்.பி. ரோட்டில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஆறாம், ஏழாம் தலைமுறை லேப்டாப் நல்ல நிலையில் இருந்தாலும் இந்தப் பட்டியலில் வராது. 8 ஜிபி ராமும் ஒரு எஸ்எஸ்டியும் இருந்தால் அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச சிஸ்டம், அதாவது லினக்ஸ் மின்ட்டோ உபுண்டுவோ, இன்னும் பல வருஷம் தாராளமாக ஓடும்.

முடிவு செய்வதற்கு முன் ஒரு தாளை எடுத்து, போன மாதம் நீங்கள் திறந்த மென்பொருள்களின் பெயரை எழுதுங்கள். எந்த வழி உங்களுக்குச் சரி என்பதை அந்தத் தாள்தான் சொல்லும். எழுதச் சொன்னால் முக்கால்வாசிப் பேர் பிரவுசருக்கு மேல் இரண்டு பெயரைத்தான் எழுதுகிறார்கள்.

"லினக்ஸ்ல இஎக்ஸ்இ ஃபைலை டபுள் கிளிக் பண்ணினா ஏன் ஒண்ணும் நடக்க மாட்டேங்குது?"

ஒரு விண்டோஸ் மென்பொருள் தனியாக வேலை செய்வதில்லை. ஜன்னலைத் திற, இந்த ஃபைலைச் சேமி, இந்த எழுத்துருவைக் கொடு என்று ஒவ்வொன்றுக்கும் விண்டோஸைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். லினக்ஸில் அந்தக் கூப்பாட்டுக்குப் பதில் சொல்ல ஆளில்லை.

இதற்கு மூன்று வழி. வைன் என்ற மென்பொருள் விண்டோஸ் இருக்கும் இடத்தில் உட்கார்ந்து பதில் சொல்லும். விர்ச்சுவல் மெஷினில் ஒரு முழு விண்டோஸ், லினக்ஸுக்குள் ஒரு ஜன்னலில் ஓடும். டூயல் பூட்டில் இரண்டு சிஸ்டமும் டிஸ்கில் தனித்தனிப் பகுதியில் இருக்கும். லேப்டாப்பைப் போடும்போது எது வேண்டும் என்று நீங்கள் தேர்ந்தெடுப்பீர்கள். 2011-இல் தமிழக அரசு கொடுக்க ஆரம்பித்த மாணவர் மடிக்கணினியில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்து இருந்தது நினைவிருக்கும். அதுதான் டூயல் பூட்.

"வைன் போட்டா மெஷின் ஸ்லோ ஆகுமா? அது எமுலேட்டர்தானே?"

எமுலேட்டர் என்றால் வேறொரு மெஷினைப் போலவே நடிக்கும் மென்பொருள். வைன் அது அல்ல, 'வைன் இஸ் நாட் அன் எமுலேட்டர்' என்ற பெயரின் விரிவே அதைத்தான் சொல்கிறது. உங்கள் பிராசஸர் விண்டோஸ் மென்பொருளின் கட்டளைகளை நேரடியாகவே செய்கிறது. மென்பொருள் விண்டோஸைக் கூப்பிடும் இடத்தில் மட்டும் வைன் குறுக்கே வந்து, அதை லினக்ஸுக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுக்கிறது. அதனால் வேகம் பெரும்பாலும் குறையாது.

1993-இல் பாப் ஆம்ஸ்டாட், எரிக் யங்டேல் இருவரும் தொடங்கினார்கள். 1994 முதல் அலெக்சாந்தர் ஜூலியார் வழிநடத்துகிறார். 1.0 பதிப்பு வர 2008 ஆகிவிட்டது, பதினைந்து வருஷ உழைப்பு. மைக்ரோசாஃப்ட் தன் உள்வேலையைத் திறந்து காட்டாத நிலையில், வெளியிலிருந்து பார்த்துப் பார்த்தே எழுதியது அது. அதில் ஒரு மென்பொருள் ஓடாவிட்டால் அலுத்துக்கொள்கிறவர்களிடம் இதை நான் தவறாமல் சொல்வேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் வைனை நேரடியாகக் கையாளாமல் பாட்டில்ஸ் என்ற மென்பொருள் வழியாகப் போடுங்கள். ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனி அறை கொடுப்பதால், ஒன்று கெட்டால் மற்றது கெடாது.

"எது ஓடும், எது ஓடாதுன்னு முன்னாடியே தெரிஞ்சுக்க முடியுமா?"

ஓரளவு முடியும். வைனின் இணையதளத்திலேயே மென்பொருள் பட்டியல் ஒன்று உண்டு. பயன்படுத்தியவர்கள் பிளாட்டினம், கோல்டு, சில்வர், பிரான்ஸ், கார்பேஜ் என்று தரம் போட்டிருப்பார்கள். எந்தப் பதிப்புக்கு, எந்த வருஷம் போட்ட தரம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

பொதுவாக, சின்ன மென்பொருளும் பழைய மென்பொருளும் ஓடிவிடும். தனக்கென்று டிரைவர் போடுகிறவை ஓடாது, ஏனென்றால் வைனால் விண்டோஸ் டிரைவரை ஏற்ற முடியாது. மாதச் சந்தா கட்டி லாகின் செய்து திறக்கும் பெரிய மென்பொருள்கள் பெரும்பாலும் தகராறு செய்யும். போட்டோஷாப்பில் பழைய சிஎஸ்6 ஓடும். இன்றைய சந்தாப் பதிப்பை நம்பி உட்காராதீர்கள். எம்எஸ் ஆபீஸிலும் 2010 போன்ற பழைய பதிப்புகள் பரவாயில்லை. புதியது வேண்டுமென்றால் பிரவுசரிலேயே வேர்டும் எக்செலும் இலவசமாகத் திறக்கின்றன, அதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆட்டோகேடு வேலை செய்கிறவர்கள் நேராக டூயல் பூட் கேள்விக்குப் போய்விடுங்கள்.

"அண்ணா, டேலி ஓடுமா? அது ஓடலைன்னா எனக்கு லினக்ஸே வேணாம்."

டேலி நம் பெங்களூரு நிறுவனம்தான், ஆனால் டேலி பிரைம் விண்டோஸுக்காக எழுதப்பட்டது. வைனில் திறக்கவைத்தவர்கள் உண்டு. ஆனாலும் கணக்கு விஷயத்தில் நான் அதைச் சொல்லமாட்டேன். ஜிஎஸ்டி கட்டவேண்டிய நாளில் ஒரு அப்டேட் வந்து திறக்காமல் போனால், யாரிடம் போய் நிற்பீர்கள்? உதவி எண்ணில் கூப்பிட்டால் முதலில் கேட்பது என்ன விண்டோஸ் என்றுதான்.

டேலிக்கு விர்ச்சுவல் மெஷின் நன்றாகப் பொருந்தும். விர்ச்சுவல்பாக்ஸில் ஒரு விண்டோஸ் போட்டு, அதில் டேலி மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மெயிலும் பிரவுசரும் லினக்ஸ் பக்கமே இருக்கட்டும். கணக்கு இருக்கும் விண்டோஸில் வேறு எதையும் இறக்காமல் இருப்பதே பெரிய பாதுகாப்பு.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். விர்ச்சுவல்பாக்ஸில் ஸ்னாப்ஷாட் என்று ஒரு வசதி உண்டு, மெஷினின் அந்த நேரத்து நிலையை அப்படியே பதிந்து வைப்பது. அதை பேக்கப் என்று நினைத்து வைத்திருந்த ஒரு அக்கா, டேலி ஏதோ மக்கர் செய்கிறது என்று போன வாரத்து ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பிவிட்டார். டேலி சரியாகிவிட்டது. அந்த வாரம் ஏற்றிய வவுச்சர் அத்தனையும் போய்விட்டது, ஏனென்றால் கணக்கும் அந்த டிஸ்குக்குள்தான் இருந்தது. டேலியின் பேக்கப்பை டேலியிலேயே எடுத்து, லினக்ஸ் பக்கம் ஒரு ஃபோல்டரிலும் ஒரு பென் டிரைவிலும் போட்டு வையுங்கள்.

"டிஎஸ்சி டோக்கன் குத்தினா விர்ச்சுவல் மெஷின்ல தெரியவே இல்லையே?"

டிஎஸ்சி என்ற டிஜிட்டல் கையெழுத்து இருக்கும் யுஎஸ்பி டோக்கன் முதலில் லினக்ஸிடம்தான் போய்ச் சேரும். விர்ச்சுவல்பாக்ஸ் மெனுவில் டிவைசஸ், யுஎஸ்பி என்று போய் அந்த டோக்கனை டிக் செய்தால் விண்டோஸ் பக்கம் மாறும். பட்டியலே காலியாக இருந்தால், உங்கள் லினக்ஸ் பயனர் விபாக்ஸ்யூசர்ஸ் என்ற குழுவில் இல்லை என்று அர்த்தம். சேர்த்துவிட்டு, ஒருமுறை லாக் அவுட் செய்து வாருங்கள்.

ஈபாஸ் 2003 போன்ற சில டோக்கன்களுக்கு லினக்ஸ் டிரைவரே கிடைக்கிறது. வைனில் மட்டும் முயலாதீர்கள். காரணம் முன்பே சொன்னதுதான், அங்கே டிரைவர் ஏறாது.

"பழைய பேஜ்மேக்கர் ஃபைல் ஆயிரக்கணக்குல இருக்கு. திறந்தா தமிழ் எல்லாம் இங்கிலீஷா வருது. லினக்ஸுக்கு வந்தா இதெல்லாம் போயிடுமா?"

பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளின் ஃபைல்கள் எங்கும் போகாது. ஆனால் முதலில் என்ன நடக்கிறது என்று புரியவேண்டும். ஆவணி முகூர்த்த சமயத்தில் ஒரு டிடிபி கடைக்காரர், பத்து வருஷத்துக்கு மேற்பட்ட கல்யாணப் பத்திரிகை ஒன்றைத் திறந்து காட்டினார். அண்ணனுக்கு அடித்த அதே பத்திரிகை தம்பிக்கும் வேண்டுமாம். மணமகன் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து கிடந்தன. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள், எல்லா மெஷினுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு அல்ல. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்தவை. பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளி. எழுத்துரு இல்லாத மெஷினில் வேஷம் கலைந்துவிடும், அவ்வளவுதான். பழைய மெஷினின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை அப்படியே காப்பி செய்து போட்டதும் மாப்பிள்ளை பெயர் வந்துவிட்டது.

இந்த மாதிரி வேலைக்கு நான் சொல்வது, 32-பிட் விண்டோஸ் 7 போட்ட விர்ச்சுவல் மெஷின். அதில் பேஜ்மேக்கர், எல்லா எழுத்துருக்களும், பிடிஎஃப் ஆக்க ஒரு மென்பொருள். நெட்வொர்க்கை முழுவதும் அணைத்துவிடுங்கள், ஏனென்றால் விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டது. அந்த விர்ச்சுவல் மெஷின் மொத்தமும் ஒரு ஃபோல்டர். லேப்டாப் மாற்றினாலும் ஃபோல்டரைக் காப்பி செய்தால் கடை அப்படியே நகர்ந்துவிடும். உண்மையான மெஷினில் போட்ட விண்டோஸுக்கு இந்தச் சௌகரியம் கிடையாது.

"தமிழ், கன்னடம் ரெண்டும் டைப் பண்ணணும். என்எச்எம் ரைட்டரும் நுடியும் வைன்ல ஓடுமா?"

ஓடினாலும் பிரயோஜனமில்லை. வைனில் ஓடும் விசைப்பலகை மென்பொருள் வைனுக்குள் இருக்கும் ஜன்னல்களுக்குத்தான் எழுதித் தரும். லினக்ஸ் பிரவுசரில் எழுத்து வராது.

லினக்ஸில் ஐபஸ் என்ற உள்ளீட்டு முறையோடு எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99, டைப்ரைட்டர், ஒலிபெயர்ப்பு எல்லாம் வந்துவிடும். கன்னடத்துக்கு, நுடியில் பழகிய கேஜிபி விசைப்பலகையும் அதே தொகுப்பில் இருக்கிறது. இவை எழுதுவது யூனிகோடில். பழைய எழுத்துருவில்தான் வேண்டும் என்று அச்சகம் கேட்டால், மேலே சொன்ன விண்டோஸ் 7 மெஷினுக்குள் போய் அடியுங்கள்.

"விர்ச்சுவல் மெஷினுக்கு எவ்வளவு ராம் வேணும்? எங்கிட்ட 8 ஜிபிதான்."

விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜிபி கொடுக்கவேண்டும். மீதி 4 ஜிபியில் லினக்ஸும் பிரவுசரும் மூச்சுத் திணறும். 8 ஜிபியில் டேலி மட்டும் என்றால் சமாளிக்கலாம். 16 ஜிபி இருந்தால் நிம்மதி. டிபிஎம் இல்லாத பழைய லேப்டாப்பாக இருந்தாலும், விர்ச்சுவல்பாக்ஸ் 7 முதல் போலியாக ஒரு டிபிஎம் கொடுக்கும் வசதி வந்திருக்கிறது. மெஷின் ஆமை வேகத்தில் போனாலோ, 64-பிட் விண்டோஸ் ஏறவே மறுத்தாலோ, முதலில் பயாஸில், அதாவது விண்டோஸ் எழுவதற்கு முன் திறக்கும் லேப்டாப்பின் அமைப்புத் திரையில், விர்ச்சுவலைசேஷன் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். பல லேப்டாப்புகளில் அது ஆஃபில்தான் வருகிறது.

லைசென்ஸ் பற்றியும் கேட்பார்கள். லேப்டாப்போடு வந்த விண்டோஸ் சாவி அந்த மெஷினின் ஃபர்ம்வேரில் இருப்பது. விர்ச்சுவல் மெஷினுக்குள் அது தானாக ஆக்டிவேட் ஆகாது. தனி லைசென்ஸ் வாங்கவேண்டும். டூயல் பூட்டில் இந்தச் செலவு இல்லை.

"கேம் ஆடணும். வேலோரன்ட் ஓடுமா?"

வேலோரன்ட் வைனிலும் ஓடாது, விர்ச்சுவல் மெஷினிலும் ஓடாது. ஏமாற்றுவதைத் தடுக்க அது போடும் வான்கார்டு விண்டோஸின் அடிமட்டம்வரை இறங்கி உட்காருவது. அதற்கு டூயல் பூட் ஒன்றே வழி.

மற்ற கேம்களின் கதை வேறு. வால்வ் நிறுவனம் 2018-இல் வைனை வைத்து புரோட்டானை வெளியிட்டது; 2022-இல் லினக்ஸில் ஓடும் ஸ்டீம் டெக்கும் வந்தது. தனியாக ஆடும் கேம்கள் பெரும்பாலும் ஸ்டீமில் நேரடியாக இறங்கி ஓடிவிடுகின்றன. ஆன்லைன் கேம் என்றால் புரோட்டான்டிபி என்ற தளத்தில் பெயரைப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

"டூயல் பூட்தான்னு முடிவு பண்ணிட்டேன். எங்கிருந்து ஆரம்பிக்கறது?"

பேக்கப்பிலிருந்து. வெளி டிஸ்கில் எல்லாவற்றையும் எடுத்து வைத்து, அதை இன்னொரு மெஷினில் சொருகித் திறந்து பார்த்த பிறகுதான் அடுத்த வேலை. அடுத்தது பிட்லாக்கர், டிஸ்கைச் சாவி போட்டுப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. சிவாஜிநகரிலிருந்து வந்த ஒரு தம்பி, யாரோ சொன்னார்கள் என்று, நம்பகமில்லாத சிஸ்டம் எழாமல் தடுக்கும் செக்யூர் பூட்டைப் பயாஸில் அணைத்தார். அடுத்த முறை போட்டதும் நீலத் திரை, 48 இலக்கச் சாவியைக் கேட்டது. தன் டிஸ்க் பூட்டியிருக்கிறது என்பதே அவருக்கு அன்றுதான் தெரியும். விண்டோஸை முதன்முதலில் அமைத்தது ஓசூரில் இருக்கும் அவருடைய அக்காவின் மைக்ரோசாஃப்ட் கணக்கில். அக்கா போனில் ஆறு ஆறு இலக்கமாக எட்டு முறை படிக்க, இவர் கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் எழுதினார். ஐந்தாவது தொகுதியில் ஓர் இலக்கம் தவறி, மறுபடி முதலிலிருந்து. அக்கா போனை எடுக்காமல் இருந்திருந்தால் கடைசி வருஷ புராஜெக்ட் அன்றோடு போயிருக்கும். உங்கள் சாவி எந்தக் கணக்கில் இருக்கிறது என்று இன்றைக்கே பார்த்து, தாளில் எழுதி வையுங்கள்.

பிறகு வரிசை இதுதான்: விண்டோஸ் முன்னால், லினக்ஸ் பின்னால். இடம் ஒதுக்குவதை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே செய்யுங்கள். லினக்ஸுக்கு 50 ஜிபி இருந்தால் போதுமானது. ரெக்கவரி என்று பெயர் போட்ட சின்னப் பகுதியைத் தொடாதீர்கள். லேப்டாப்பில் இரண்டாவது எஸ்எஸ்டிக்கு இடம் இருந்தால் லினக்ஸைத் தனி எஸ்எஸ்டியில் போடுவதே என் விருப்பம். ஒன்றின் தவறு மற்றதைத் தொடாது.

"லினக்ஸ் இன்ஸ்டாலர்ல என் எஸ்எஸ்டியே காட்டலையே?"

இன்டெல் லேப்டாப் என்றால், டிஸ்க் ஆர்எஸ்டி அல்லது விஎம்டி முறையில் இருக்கும். பயாஸில் ஏஎச்சிஐ முறைக்கு மாற்றினால் தெரியும். சட்டென்று மாற்றினால் விண்டோஸ் பூட் ஆகாமல் நின்றுவிடும். விண்டோஸை அடுத்த முறை சேஃப் மோடில் எழும்படி முதலில் அமைத்து, அதன் பிறகு பயாஸில் மாற்றுங்கள். சேஃப் மோடில் ஒருமுறை எழுந்துவிட்டால் பிறகு சாதாரணமாகவே எழும்.

"விண்டோஸுக்குப் போனா மணி தப்பா காட்டுது. பேங்க் சைட்டும் திறக்க மாட்டேங்குது."

சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டுகிறதா? காலை பத்துக்கு, நாலரை என்று? மதர்போர்டு கடிகாரத்தில் லினக்ஸ் உலக நேரத்தை வைக்கிறது, விண்டோஸ் உள்ளூர் நேரத்தை எதிர்பார்க்கிறது. நமக்கும் உலக நேரத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த ஐந்தரை. நேரம் தவறினால் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழைப் பிரவுசர் சந்தேகிக்கும், அதனால்தான் பேங்க் திறக்கவில்லை. லினக்ஸில் டைம்டேட்சிடிஎல் என்ற கட்டளையால் கடிகாரத்தை உள்ளூர் நேரத்துக்கு ஒருமுறை மாற்றிவிட்டால் தீர்ந்தது.

"லினக்ஸ்லேர்ந்து டி டிரைவ் திறக்குது, ஆனா எதையும் சேவ் பண்ண முடியல."

விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் ஆனில் இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை, பாதித் தூக்கத்தில் இருக்கிறது. டிஸ்கை அது இன்னும் கையில் பிடித்திருப்பதால் லினக்ஸ் எழுத மறுக்கிறது. மறுப்பது உங்கள் ஃபைல்களைக் காப்பாற்றத்தான். கட்டாயப்படுத்தி எழுதவைக்கும் குறுக்குவழிகளைப் பின்பற்றாதீர்கள். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைத்துவிடுங்கள்.

"விண்டோஸ் அப்டேட் ஆச்சு, லினக்ஸைக் காணோம்!"

பெரும்பாலும் லினக்ஸ் எங்கேயும் போயிருக்காது, பூட் வரிசையில் விண்டோஸ் மேலே ஏறியிருக்கும். பயாஸில் போய் உபுண்டு என்ற வரியை மேலே கொண்டுவந்தால் பழைய திரை வந்துவிடும். 2024 ஆகஸ்ட்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட் மட்டும் வேறு மாதிரி. அது பழைய லினக்ஸ் பூட்லோடர்களை (சிஸ்டத்தை எழுப்பும் சின்ன மென்பொருள்களை) பாதுகாப்புக் காரணத்துக்காகத் தடைசெய்தது, டூயல் பூட் வைத்திருந்த பலருக்கு லினக்ஸ் எழவில்லை. செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, லினக்ஸைப் புதுப்பித்து மீண்டார்கள். பிட்லாக்கர் சாவி கையில் இருக்கவேண்டும் என்று சொன்னதற்கு இது இன்னொரு காரணம்.

"வைன்ல விண்டோஸ் வைரஸ் வந்தா லினக்ஸை ஒண்ணும் பண்ணாதுதானே?"

அப்படி நினைக்காதீர்கள். வைன் வழக்கமாக லினக்ஸின் மொத்த ஃபைல் அமைப்பையும் இசட் டிரைவாகக் காட்டுகிறது. உங்கள் ஹோம் ஃபோல்டரில் நீங்கள் அழிக்கக்கூடியதை எல்லாம் அந்த வைரஸும் அழிக்கலாம், பூட்டலாம். சந்தேகமான ஃபைல் என்றால் நெட்வொர்க் இல்லாத, பகிர்ந்த ஃபோல்டர் இல்லாத விர்ச்சுவல் மெஷினில் திறங்கள்.

"ஆன்லைன் எக்ஸாமுக்கு சேஃப் எக்ஸாம் பிரவுசர் கேக்கறாங்க. விர்ச்சுவல் மெஷின்ல எழுதலாமா?"

எழுதாதீர்கள். லினக்ஸுக்கு அதில் பதிப்பு இல்லை, விர்ச்சுவல் மெஷினை அது கண்டுபிடித்து நிறுத்திவிடும். பரீட்சை நடுவில் முறைகேடு என்று பெயர் வாங்கவேண்டாம். டூயல் பூட்டில் விண்டோஸுக்குப் போய் எழுதுங்கள். முதல் நாள் இரவே ஒருமுறை விண்டோஸைத் திறந்து, தேங்கிய அப்டேட்டுகளை முடித்துவிடுங்கள். மாதக்கணக்கில் திறக்காத விண்டோஸ், அவசரத்தில்தான் அரை மணி நேரம் அப்டேட் ஆகும்.

"டூயல் பூட்ல இருக்கிற அதே விண்டோஸை, லினக்ஸுக்குள்ளேயே விர்ச்சுவல்பாக்ஸ்ல திறக்க முடியுமாமே?"

முடியும். ஆனால் விண்டோஸுக்கு அது வேறு மெஷின் போலத் தெரிவதால் ஆக்டிவேஷன் தகராறு வரலாம். அதைவிடப் பெரிய ஆபத்து, அந்தப் பகுதியை லினக்ஸும் அதே நேரத்தில் திறந்து வைத்திருப்பது. இரண்டு பேர் ஒரே பேரேட்டில் ஒருவருக்கொருவர் தெரியாமல் எழுதுவது போல ஆகிவிடும். வருமானம் தரும் மெஷினில் செய்யவேண்டாம்.

"கம்பெனி லேப்டாப்ல டூயல் பூட் போட்டுத் தர்றீங்களா?"

மாட்டேன். அது உங்கள் மெஷின் அல்ல. ஐடி பிரிவு பூட்டி வைத்ததைத் திறந்தால் உங்கள் வேலைக்கே ஆபத்து. லினக்ஸ் கற்றுக்கொள்ளத்தான் என்றால், விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல் இருக்கிறது. மேனேஜரிடம் கேட்டு அனுமதி வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.

"லினக்ஸ் வேணாம்னு அந்தப் பார்ட்டிஷனை டெலீட் பண்ணினேன். இப்போ கறுப்புத் திரைல கிரப் ரெஸ்க்யூன்னு நிக்குது."

பதறாதீர்கள், விண்டோஸ் பத்திரமாக இருக்கிறது. கிரப் என்ற பூட்லோடரின் ஒரு துண்டு தனிப் பகுதியில் இருக்க, அது தேடும் மீதித் துண்டைத்தான் நீங்கள் அழித்தீர்கள். லேப்டாப்பை அணைத்து, போடும்போது எஃப்12 அல்லது உங்கள் மாடலுக்குரிய விசையை அழுத்துங்கள். வரும் பட்டியலில் விண்டோஸ் பூட் மேனேஜரைத் தேர்ந்தெடுத்தால் திறந்துவிடும். அதன் பிறகு பயாஸில் அதையே முதல் வரியாக்குங்கள். காலியான இடத்தை டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி டிரைவோடு சேர்க்கலாம். நடுவில் ரெக்கவரி பகுதி குறுக்கே நின்றால் சேர்க்காமல், அந்த இடத்தைத் தனி டிரைவாக வைத்துக்கொள்ளுங்கள்.